மியூசியம் பம்பிள்பீ பதிவுகள்: 1980க்குப் பிறகு எல்லா இனமும் இறங்குகிறதே, ஏன்?

மகரந்தப்பொடி:
வணக்கம். அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் பம்பிள்பீ (ரோமம் அடர்ந்த பெரிய தேனீ வகை) பதிவுகளை, உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். மியூசியங்களில் ஊசி குத்தி வைத்தவை மட்டும், 1900 முதல். பத்தாண்டு வாரியாக எண்ணி வரைந்தால் 1980க்குப் பிறகு எல்லா இனங்களும் ஒன்றாக இறங்குகின்றன. பாம்பஸ் அஃபினிஸ் என்ற பம்பிள்பீ இனம் 2017ல் அங்கே அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அது இறங்குவது புரிகிறது. ஆனால் பாம்பஸ் இம்பேஷன்ஸ் என்ற இன்னொரு இனம் இன்றும் தாராளமாகப் பறக்கிறதே! எதைச் சரிசெய்ய வேண்டும்?

பூச்சிப்பெட்டி:
இம்பேஷன்ஸும் சேர்ந்து இறங்குகிறது என்றால், வலையோடு காட்டுக்குப் போனவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வெறும் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். அந்தந்தப் பத்தாண்டில் பிடித்த மொத்த பம்பிள்பீக்களில் அஃபினிஸின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பூச்சியியல் ஆய்வாளர் சிட்னி கேமரனின் குழு 2011ல் இப்படித்தான் 73,000க்கும் மேற்பட்ட மியூசியப் பதிவுகளைத் தங்கள் புதிய கள ஆய்வோடு ஒப்பிட்டது. நான்கு இனங்களின் பங்கு 96% வரை சரிந்திருந்தது. இம்பேஷன்ஸ் நன்றாகவே இருந்தது.

அதற்கு முன் ஒரு வேலை: ஒரே இடம், ஒரே தேதி, ஒரே ஆள் என்றால் ஒரே சேகரிப்பாக மடக்குங்கள். கல்லூரி வகுப்பு ஒன்று ஒரே புல்வெளியில் ஒரே நாளில் அள்ளியது முழுப் பத்தாண்டையும் கோணலாக்கிவிடும். இன வகைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதானால், ஒவ்வொரு காலத்திலிருந்தும் சம அளவு மாதிரிகளைக் குலுக்கி எடுத்து ஒப்பிடுங்கள். பார்த்தோமேயுஸ் என்ற ஆய்வாளரின் குழு 2013ல் உங்கள் வடகிழக்குப் பகுதிக்கே இதைச் செய்தது: 187 தேனீ இனங்கள், சுமார் 140 ஆண்டுகள். மொத்தத்தில் சரிவு மிதமானதுதான்; பம்பிள்பீக்களில்தான் அடி பலம்.

ஊசிமுனை:
பங்கு கணக்கிலும் ஒரு பொறி உண்டு. அரிதானதைக் கண்டால் எடுத்து வைப்பார்கள், எங்கும் இருப்பதை விட்டுவிடுவார்கள். அதனால் சாதாரண இனங்களின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

அப்புறம், மாதம். அஃபினிஸ் ராணிகள் ஏப்ரலிலேயே வெளிவரும். கூடு அக்டோபர் வரை போகும். பழைய ஆட்கள் வசந்தத்திலும் சுற்றியிருந்து, புதியவர்கள் ஜூலையில் மட்டும் போயிருந்தால் ஒப்பீடே கெட்டுவிடும். ஒரே மாதங்களை எடுத்து ஒப்பிடுங்கள்.

தேதியையும் நம்பிவிடாதீர்கள். லேபிளில் 4-7-32 என்றிருந்தால் ஏப்ரல் 7ஆ, ஜூலை 4ஆ? மாதத்தை ரோமன் எண்ணில் எழுதியவர்கள் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். மற்றவற்றுக்குப் பூச்சியையே கேட்கலாம்: ஏப்ரல் முதல் வாரத்தில் வேலைக்காரத் தேனீ இருக்க வாய்ப்பில்லை, ராணி மட்டும்தான். வேலைக்காரத் தேனீயாக இருந்தால் அது ஜூலை.

மகரந்தப்பொடி:
மிக்க நன்றி. சேகரிப்புகளை மடக்கி, மே முதல் ஆகஸ்ட் வரை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இம்பேஷன்ஸ் ஏறுகிறது, அஃபினிஸும் பாம்பஸ் டெர்ரிகோலா என்ற இனமும் தெளிவாக விழுகின்றன. சரி, ஏன் விழுந்தன என்று இதே மாதிரிகள் சொல்லுமா?

பூச்சிப்பெட்டி:
ஓரளவு சொல்லும். நெதர்லாந்தில் 1950க்கு முன் பிடித்த தேனீக்களின் காலில் ஒட்டியிருந்த மகரந்தத்தை எடுத்து, எந்தப் பூவை நாடின என்று பார்த்தார்கள் (2014). பிடித்த செடிகள் அருகிய இனங்களே அதிகம் சரிந்திருந்தன. கேமரன் குழு 2016ல் பழைய அமெரிக்க மாதிரிகளில் நோசிமா பாம்பி என்ற ஒட்டுண்ணியைத் தேடியது. 1980களில் அரிதாக இருந்தது 1990களின் நடுவிலிருந்து கூடியிருந்தது. பம்பிள்பீ வளர்ப்புப் பண்ணைகளில் அந்த நோய் பரவியதும் அதே காலம்தான்.

ஆனால் நோசிமா சோதனைக்கு வயிற்றுத் திசு வேண்டும், எடுத்தால் எடுத்ததுதான். மியூசியக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். மகரந்தம் போதும் என்றால் ஒரு காலிலிருந்து மட்டும் எடுத்து, மறுகாலை அடுத்து வருபவருக்கு விட்டுவையுங்கள். எடுத்த விவரத்தைத் தனி லேபிளில் எழுதி அதே ஊசியில் குத்துங்கள்.