திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி போக தனிக் கார்: எப்படிப் பேசுவது?

மேடவாக்கம் மகள்:
அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சென்னையிலிருந்து ஆறு பேர் போகிறோம். சடங்கு முடிந்ததும் மதியமே தரங்கம்பாடி பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம். இன்னோவாவுக்கு ஒரு டிராவல்ஸில் கேட்டேன். கிலோமீட்டர் ரேட்டை மட்டும் சொல்லிவிட்டு, "மத்ததெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்கிறார்கள். அந்த "மத்தது" என்னென்ன? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

பொறையார்க்காரன்:
அம்மா, முதலில் கிழமையைப் பாருங்கள். டேனிஷ் கோட்டைக்கு வெள்ளி விடுமுறை. பூட்டிய கதவைப் பார்க்கவா ஆறு பேர் வருவது? முகூர்த்தத்தை மாற்ற முடியாது, அதனால் அன்றிரவு திருக்கடையூரிலேயே தங்கிவிட்டுச் சனி காலை போங்கள். பத்து கிலோமீட்டருக்குள்தான்.

எட்டரைக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுங்கள். கோட்டை திறக்கப் பத்து மணி ஆகும், அதுவரை ராஜ வீதி போதும். நுழைவாயிலைத் தாண்டியதும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னால் அம்மா இறங்காமலே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். புதிய எருசலேம் ஆலயத்தில் மட்டும் கட்டாயம் இறங்குங்கள். 1718இல் கட்டியது. 1706இல் இங்கே வந்திறங்கி, தமிழ் படித்து, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளே பலர் அந்த ஆலயத்துக்குள் போய்ப் பார்த்ததில்லை, அது வேறு கதை.

அப்புறம் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கொடுத்து எழும்பியது. மிளகு வியாபாரத்துக்காக வந்தவர்கள். கடைசியில் 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும், அம்மா கீழேயே உட்காரட்டும்.

பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கோட்டையைவிட இதுதான் பிடிக்கும். இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று நிறைய என்று யாராவது ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஸ்டியரிங் கடலூர்:
மேடம், நான் வண்டி ஓட்டுறவன். "மத்தது" என்றால் டிரைவர் பேட்டா, டோல், பெர்மிட், பார்க்கிங். பெர்மிட்தான் சண்டை வரும் இடம். பாண்டிச்சேரிக்குள் நுழைந்தால் தமிழ்நாட்டு டாக்சிக்குத் தனியாகக் கட்டணும். விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வழியாகப் போனால் அந்தச் செலவே இல்லை. தரங்கம்பாடியைத் தாண்டிக் காரைக்கால் போனாலும் அதே கதைதான், அதுவும் பாண்டிச்சேரி எல்லை. எந்த ரூட் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் என்றால் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று மினிமம் போடுவார்கள். போக வர உங்களுக்கு ஐந்நூறுக்கு மேல் வரும், அதனால் மினிமத்தில் பெரிய நஷ்டமில்லை. டிராப் டாக்சி போட்டுப் போய்விட்டுத் திரும்பும்போது வேறு வண்டி பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டிராப்புக்குக் கிலோமீட்டர் ரேட் கூடுதல், தரங்கம்பாடியில் நின்றுகொண்டு சென்னைக்கு வண்டி தேடுவதும் லேசில்லை. பேசிய எல்லாத்தையும் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். டிரைவருக்குத் தூங்க இடம் கேட்டு வையுங்கள், மறுநாள் ஓட்டப்போவது அவர்தானே.

மேடவாக்கம் மகள்:
வெள்ளி விடுமுறை என்று யாருமே சொல்லவில்லை சார், நல்லவேளை கேட்டேன்! தரங்கம்பாடியைச் சனிக்கு மாற்றிவிட்டோம். இன்னொன்று: ரயிலில் மயிலாடுதுறை வரை போய், அங்கிருந்து கார் எடுத்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருக்குமா?

பொறையார்க்காரன்:
நான் அதைத்தான் செய்வேன். காரில் ஆறேழு மணி நேரம் காலை மடக்கி உட்காருவதற்கு ரயிலில் நீட்டிப் படுத்து வருவது மேல். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு முப்பது கிலோமீட்டர்தான், திருக்கடையூர் நடுவில் வந்துவிடும். ஸ்டேஷனில் இறங்கித் தேடாமல், தங்கும் விடுதியிலேயே சொல்லி ஏழு சீட் வண்டி வரவழையுங்கள். மாலை, தட்டு, பட்டுப்புடவைப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஆறு பேருக்கு அதுவே நெருக்கடிதான்.

ஸ்டியரிங் கடலூர்:
சார் சொல்வது சரி. எனக்கு ஒரு சவாரி போச்சு, பரவாயில்லை. கேரியர் உள்ள வண்டியா என்று கேட்டுக்கோங்க மேடம்.