தென்னாப்பிரிக்க ‘ஆம்னெஸ்டி’: பொதுமன்னிப்பா, பொறுப்புவிலக்கா?

> மண்டேலா கட்டுரையில் “நிறவெறி ஆட்சியின் குற்றவாளிகளுக்கு மண்டேலா பொதுமன்னிப்பு வழங்கினார்” என்று ஒரு வரி. ஆம்னெஸ்டிக்கு (amnesty) பழகிய சொல்தானே, அப்படியே விடலாமா?

விட வேண்டாம் ஐயா. வழங்கியவர் மண்டேலா அல்லர். வழங்கப்பட்டது பொதுவும் அன்று, மன்னிப்பும் அன்று. மண்டேலா செய்தது 1995-இல் தேசிய ஒற்றுமை, நல்லிணக்க மேம்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டு, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்கு 17 ஆணையர்களை அமர்த்தியது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதெல்லாம் ஆணையத்தின் தனிக் குழு ஒன்றின் வேலை. அந்தக் கோப்பு குடியரசுத் தலைவர் மேசைக்கு வராது.

‘பொது’ என்ற அடைதான் பெரிய தொல்லை. விண்ணப்பத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரில், தான் செய்த செயலைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். செயல் 1960 மார்ச் 1 முதல் 1994 மே 10 வரையிலான காலத்துக்குள் வர வேண்டும். அரசியல் நோக்கம் தெரிய வேண்டும். உண்மையை மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டும். கொலை, சித்திரவதை என்றால் விசாரணை ஊரறிய நடக்கும். 7,112 பேர் விண்ணப்பித்ததில் கிடைத்தது 849 பேருக்கு. 1997-இல் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர்கள் 37 பேருக்குக் குழு ஒட்டுமொத்தமாகக் கொடுத்தபோது, ஆணையமே நீதிமன்றம் போய் மறு ஆண்டு அதை ரத்து செய்யவைத்தது. அசல் பொதுமன்னிப்பு வேண்டுமானால் சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசே 1978-இல் போட்ட ஆணையைச் சொல்லுங்கள். வளைகுடாவில் விசா முடிந்தும் தங்கியவர்களுக்கு அறிவிப்பதும் அந்தச் சொல்லுக்குப் பொருந்தும்.

மன்னிப்பும் இல்லை என்றேன். வருந்துகிறேன் என்று சொல்வது சட்டத்தில் நிபந்தனையே அன்று. முழு உண்மைதான் விலை. காவலில் அடிபட்டு இறந்த கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பீக்கோ வழக்கின் காவலர்களுக்கு 1999-இல் கை விரித்தார்களே, காரணம் இதோடு ஒட்டியது: கொன்றோம் என்று ஒப்புக்கொள்ளாமல், கைகலப்பில் தலை சுவரில் மோதியது என்றே சாதித்தார்கள். செய்யாத குற்றத்துக்கு ஆம்னெஸ்டி எதற்கு?

> அப்படியானால் ‘வழக்குவிலக்கு’? சுருக்கமாக இருக்கிறது.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கு முடிந்து சிறையில் இருந்தவர்களும் பெற்றார்கள். 1993-இல் கேப் டவுனை அடுத்த குகுலேத்துவில் அமெரிக்க மாணவி ஏமி பீலைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்ற நால்வரும் 1998-இல் வெளியே வந்தது இதன்படிதான். ‘தண்டனைவிலக்கு’ என்றாலோ, நட்ட ஈடு கேட்கும் உரிமையியல் வழக்கு விடுபட்டுப் போகும். அந்த வழியும் அடைபட்டது. பீக்கோ குடும்பமும் சேர்ந்து தொடுத்த வழக்கில் 1996-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மிகவும் கசந்தது இந்தப் பகுதிதான். இத்தனையையும் தாங்க ‘சட்டப்பொறுப்பு’ என்ற அடி வேண்டும். என் முன்மொழிவு: சட்டப்பொறுப்பு விலக்கு, அடுத்தடுத்து வருமிடத்தில் பொறுப்புவிலக்கு.

> இணையதளங்களின் அடியில் ‘பொறுப்புத் துறப்பு’ என்று போடுகிறார்களே, குழம்பாதா?

துறப்பது தானாகச் செய்வது. விலக்கு அடுத்தவர் தருவது, வரிவிலக்கு மாதிரி. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: பொறுப்புவிலக்குக்கு விண்ணப்பித்தார், பொறுப்புவிலக்குக் குழு மறுத்தது, பொறுப்புவிலக்குப் பெற்றவர். எங்கும் இடறவில்லை. ‘பொறுப்புநீக்கம்’ மட்டும் வேண்டாம். பதவியிலிருந்து தூக்கியதாகப் படிப்பார்கள்.

> சரி, ஏற்கிறேன். ஆணையமா, ஆணைக்குழுவா?

இலங்கையில் ஆணைக்குழுதான் வழக்கு. இங்கே அதற்குள்ளேயே மூன்று குழுக்கள் இருப்பதால் ‘ஆணைக்குழுவின் குழு’ என்று எழுத நேரும். ஆணையம் என்றே வைத்து, முதல் இடத்தில் மற்றதையும் குறித்துவிடலாம். நல்லிணக்கம் இரு கரையிலும் ஊன்றிவிட்ட சொல், தொட வேண்டாம்.

திருத்திய வரி: “மண்டேலா 1995-இல் உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார், தனியாள் விண்ணப்பங்களை ஆராய்ந்து, உண்மையை முழுதும் சொன்னவர்களுக்கு ஆணையத்தின் குழு பொறுப்புவிலக்கு அளித்தது.” இதற்கடுத்து 1998 அக்டோபர் 29-ஐயும் சேர்க்க வேண்டும். அறிக்கையை நிறுத்தச் சொல்லி அவருடைய கட்சியே நீதிமன்றம் போய்த் தோற்ற அதே நாளில், டூட்டுவிடமிருந்து அவர் அதை வாங்கிக்கொண்டார். தலைவராக அவர் பங்கு என்ன என்று கேட்பவருக்கு, இல்லாத பொதுமன்னிப்பைவிட இது நல்ல பதில்.