மறு: ரோஜாவில் வரும் "சக்கர்", தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாடித்தோட்டக் கையேட்டில் ரோஜாப் பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இந்த ஒரு சொல்லில்தான் வண்டி நிற்கிறது. ஒட்டு ரோஜாவில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே இருந்து கிளம்பி வருகிற கிளைக்கு என்ன பெயர் வைப்பது? சக்கர் (sucker, நேர்ப்பொருள் உறிஞ்சுவது) என்றே விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். ஆங்கிலச் சொல் என்பதற்காக எனக்கு அதில் பிரச்சினை இல்லை. வாழையில் வருவதும் சக்கர், கறிவேப்பிலையைச் சுற்றி முளைப்பதும் சக்கர், ரோஜாவில் வருவதும் சக்கர் என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்? முதல் இரண்டையும் பெயர்த்து நட்டால் அதே வாழை, அதே கறிவேப்பிலை கிடைக்கும். மூன்றாவதை விட்டுவைத்தால் காசு கொடுத்து வாங்கிய ரோஜா போய்விடும்.

ஒட்டுச் செடி என்பது இரண்டு செடி. மேலே நாம் ஆசைப்பட்டு வாங்கிய ரகம், கீழே வேர் மட்டும் கொடுப்பதற்காக வைத்த முரட்டு ரகம். நம் ஊர்ப் பக்கம் இந்த வேர்ச்செடியாக எட்வர்ட் ரோஜாவையோ மல்டிஃப்ளோரா என்ற ரோஜாவையோ வைத்து, அதில் நல்ல ரகத்தின் மொட்டைச் செருகி ஒட்டு கட்டுவார்கள். நர்சரியில் இருந்து வரும் கறுப்புப் பையில், செம்மண் கட்டிக்குச் சற்று மேலே, தண்டு ஒரு முண்டாகப் பருத்திருக்கும். சில செடிகளில் கட்டின பிளாஸ்டிக் நாடா அப்படியே இருக்கும் (பார்த்தால் உடனே அறுத்துவிடுங்கள், தண்டை இறுக்கிவிடும்). அந்த முண்டுக்கு மேலே வருவது எல்லாம் நம்முடையது, கீழே வருவது வேர்ச்செடியுடையது.

தரையில் நட்ட ரோஜாவை விடத் தொட்டி ரோஜாவுக்கு இது ஏன் பெரிய தலைவலி என்றால், தொட்டியில் மண்மட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நார்க்கழிவு மக்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கலவை இறங்கும், நாம் மேலே மண்புழு உரத்தைக் கொட்டுவோம், அப்புறம் இன்னும் கொஞ்சம் கொட்டுவோம், கடைசியில் முண்டு உள்ளே போய்விடும். நம் வெயிலுக்கு முண்டு மண்ணுக்கு மேலே 2 அங்குலமாவது தெரிய வேண்டும். அது மறைந்துவிட்டால், மண்ணைக் கிழித்துக்கொண்டு வருகிற கிளை மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று தெரியாது. செழிப்பாக வளர்கிறதே என்று சந்தோஷப்பட்டு விட்டுவைப்போம். அந்தத் தொட்டியில் இருக்கிற கொஞ்ச நஞ்ச வேரும் தண்ணீரும் அதற்கே போகும், மே மாதத்தில் மேல்ரகம் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை. முண்டுக்குச் சற்று மேலே இருந்தே சிவப்பாக, தடியாக ஒரு புதுக்கிளை வரும். வருகிற பருவங்களில் செடியைத் தாங்கப் போவதே அதுதான். அதையும் சக்கர் என்று நினைத்து வெட்டுகிறார்கள். 5 சிற்றிலை இருந்தால் நல்லது, 7 இருந்தால் சக்கர் என்ற கணக்கு வாட்ஸப்பில் சுற்றுகிறது, அதை நம்பாதீர்கள். எத்தனையோ நல்ல ரகங்களுக்கே 7 சிற்றிலை வரும். வேர்ச்செடி மல்டிஃப்ளோராவாக இருந்தால் இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் இலையடிச் செதிலைப் பாருங்கள், ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கும். எந்த ரகத்துக்கும் பொருந்துகிற வழி ஒன்றுதான்: மண்ணை விரலால் விலக்கி, கிளை எங்கே தண்டோடு சேர்கிறது என்று பார்ப்பது.

ஆகவே எனக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். வெட்டக்கூடாததற்கு ஒன்று, பிய்க்க வேண்டியதற்கு ஒன்று.

வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். "உறிஞ்சி" வேண்டாம், சாறு உறிஞ்சும் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துவிடுவார்கள். "கள்ளக்கிளை" சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வேர்ச்செடி என்ன திருடியது? வேரே அதனுடையதுதானே. "தரைகீழ் உந்துதண்டு" தேர்வுத்தாளுக்குச் சரி, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "பக்கக்கன்று" வாழைக்குப் போய்விட்டது.

எனக்குப் பிடித்தது போத்து. தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு உயிரின், அதாவது செடிகொடிகளின், இளமைக்கு ஒப்புக்கொண்ட பெயர்கள் பிள்ளை, குழவி, கன்று, போத்து. அதில் தென்னம்பிள்ளையும் வாழைக்கன்றும் முருங்கைப்போத்தும் இன்றைக்கும் பேச்சில் இருக்கின்றன. எலுமிச்சையில் வேகமாக நிமிர்ந்து வளர்ந்து காய்க்காமல் நிற்கும் கிளையைத் தோட்டக்கலைக்காரர்கள் நீர்ப்போத்து என்கிறார்கள், கவாத்து செய்யும்போது அதை எடுத்துவிடுவார்கள். அந்த வழியில் ரோஜாவுக்கு "வேர்ப்போத்து" என்று வைக்கலாமா? நல்ல கிளைக்கு "தூர்க்கிளை". நெல் தூர் கட்டினால் யாரும் வருத்தப்படுவதில்லை, சொல்லிலேயே நல்ல வாசனை இருக்கிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

மறு: மறு: ரோஜாவில் வரும் "சக்கர்"

தம்பி, போத்து நல்ல சொல். ஆனால் வேர்ப்போத்து என்றால் வேரிலிருந்து வருவது என்றுதானே விளங்கும்? அது நீங்கள் முதலில் சொன்ன கறிவேப்பிலைக்குத்தான் பொருந்தும். ரோஜாவில் பாதி நேரம் அது ஒட்டுக்குக் கீழே உள்ள தண்டுத் துண்டிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்று. நான் இருப்பது டொராண்டோவில், ரோஜாக்கள் வீட்டுக்குப் பின்னால் மர டெக்கில் தொட்டிகளில் நிற்கின்றன, குளிர்காலத்தில் கராஜுக்குள் போய்விடும். இந்தக் குளிருக்கு ஒட்டை மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குலம் புதைத்துத்தான் வைக்கிறோம். ஆகையால் இங்கே நல்ல கிளையும் மண்ணுக்குள்ளிருந்துதான் வரும், கெட்டதும் அப்படித்தான். மண்ணை வைத்தோ தரையை வைத்தோ பெயர் வைத்தால் எங்களுக்கு உதவாது. கனடா அரசின் விவசாயத் துறை உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டே இல்லாமல் சொந்த வேரில் விற்கிறார்கள், அதில் எங்கிருந்து முளைத்தாலும் அதே ரோஜாதான், பிய்க்க ஒன்றும் இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் விவசாய பாடத்தில் படித்தது ஒட்டுக்கட்டை, ஒட்டுமுளை என்று. நீங்கள் வேர்ச்செடி என்பது எங்களுக்கு ஒட்டுக்கட்டை, மேல்ரகம் என்பது ஒட்டுமுளை. அப்படியானால் "கட்டைப்போத்து" என்று சொல்லலாமே. தூர்க்கிளை எனக்குச் சம்மதம்.

மறு: மறு: மறு: ரோஜாவில் வரும் "சக்கர்"

அக்கா, கட்டைப்போத்து பிரமாதம். நான் நேற்று "ஒட்டடிப் போத்து" என்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் படித்தவுடனே "ஒட்டடை அடிக்கணுமா?" என்று கேட்டார்கள், அதோடு அதை விட்டேன். கட்டை நம் பக்கமும் புழக்கத்தில் உள்ள சொல்தான், வெட்டின மரம் கட்டையிலிருந்து துளிர்க்கிறது என்போம், அறுவடைக்குப் பின் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பைக் கட்டைக்கரும்பு என்போம். வேர்ச்செடி என்று பழகினவர்களுக்குக் கட்டை என்றால் எது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். முக்கியமாக, மண்மட்டம் எங்கே இருந்தாலும் இந்தச் சொல் பொய்க்காது, எந்தச் செடியுடையது என்பதைத்தான் அது சொல்கிறது. சொந்த வேர் ரோஜாவில் கட்டையே கிடையாது, ஆகவே கட்டைப்போத்தும் கிடையாது, அதையும் தனியாக விளக்க வேண்டாம்.

கையேட்டில் இப்படிப் போடுகிறேன், யாராவது திருத்துவதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்:

"கட்டைப்போத்தைக் கத்தரியால் வெட்டாதீர்கள். அடியில் தூங்கும் மொட்டுகள் மிச்சமிருந்து ஒன்றுக்கு மூன்றாக வரும். தொட்டி ஓரமாகத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை விலக்கி, போத்து தண்டோடு சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, கையுறை போட்டுக்கொண்டு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்கள். முண்டுக்கு மேலே இருந்து வருவது தூர்க்கிளை. அதைத் தொடாதீர்கள்."

"தூங்கும் மொட்டு" சரியா, "உறங்குமொட்டு" சரியா என்று அடுத்த சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.