சீல் ரோபோ பயன்படுத்துபவர்களிடம் இரண்டு கேள்விகள்

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியோருடன் பாரோ என்ற, சீல் (கடல்நாய்) குட்டி வடிவ ரோபோவைப் பயன்படுத்தும் செவிலியர்களே, உதவுங்கள். ஏறக்குறைய 2.7 கிலோ எடை, மடியில் வைத்தால் கைக்குழந்தை கனம். ரோமம் கிருமி எதிர்ப்புத் தன்மை கொண்டதுதான். ஆனாலும் எச்சிலும் சோற்றுத் துணுக்கும் மூக்கோரம் ஒட்டிக் காய்ந்துவிடுகின்றன. உள்ளே சென்சார், மோட்டார் இருப்பதால் தண்ணீரில் முக்க வழியில்லை. ஒவ்வொருவர் பயன்படுத்திய பிறகும் ஈரத்துணியால் அழுக்கை எடுத்துவிட்டு, ரோமத்தைப் பிரித்துப் பிரித்து கிருமிநாசினி வைப்ஸால் துடைக்கிறோம். மேலோட்டமாகத் துடைத்தால் ரோமத்தின் அடிப்பகுதி நனைவதே இல்லை. வைப்ஸ் உறையில் போட்டிருக்கும் நிமிடங்கள் வரை ஈரம் நிற்காவிட்டால் கிருமி சாகாது. அப்புறம் காய வேறு வேண்டும். அதற்குள் அடுத்தவர் பொறுமை இழந்துவிடுகிறார். திறந்த புண், வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்குத் தருவதில்லை. ஒருவரிடமிருந்து வாங்கி அடுத்தவருக்குத் தருவதற்குள் ஆகும் இந்த இடைவெளியைப் பாதுகாப்பாகக் குறைக்க வழி உண்டா?

இன்னொன்று, இதைவிட மனதை உறுத்துவது. நேரம் முடிந்து வாங்கப் போனால் சிலர் இறுக்கி அணைத்துக்கொண்டு அழுகிறார்கள். பிடுங்கக் கூடாது. "தூங்க வைக்கலாமா?" என்று கேட்டு, அவர் கையாலேயே துணி போர்த்தவைத்தால் சிலர் விடுகிறார்கள், எல்லோரும் இல்லை. நீங்கள் என்ன சொல்லி வாங்குகிறீர்கள்? சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.