கிணற்றடி நிழலில் பேரரத்தை

மயிலாடுதுறையிலிருந்து:

மார்கழி பிறந்தால் எங்கள் மாமியாருக்கு இருமலும் பிறந்துவிடும். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சம்புடம் வைத்திருப்பார். அதில் இஞ்சி வகையைச் சேர்ந்த மருந்துக் கிழங்கான அரத்தை, காய்ந்த துண்டுகளாக இருக்கும். ஒன்றை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் வெகுநேரம் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் காரம், பிறகு கற்பூரம் போன்ற ஒரு வாசனை, கடைசியில் வெறும் நார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவந்த துண்டுகளில் பாதியைப் பூச்சி அரித்திருந்த ஒரு நாளில்தான், இதை நம் கொல்லையிலேயே வைத்தால் என்ன என்று தோன்றியது.

கடைத் துண்டை நட்டால் முளைக்காது. அது காய்ந்த கட்டை. கன்றுக்காக அலைந்து, ஒரு நாற்றுப் பண்ணையில் "சித்தரத்தை" என்று கொடுத்த தொட்டியை வாங்கிவந்தேன். இரண்டு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு அது பூத்தது. வெள்ளை மொட்டுகள், நுனியில் இளஞ்சிவப்பு, சிப்பிகளைக் கோத்ததுபோல் தலைகவிழ்ந்து தொங்கிய சரம். அழகுக்கு வளர்க்கும் வேறொரு செடி அது. நான் தேடிய அரத்தை பேரரத்தை. அதன் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். பூவும் சிறியது, பச்சை கலந்த வெள்ளை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் இலையை மட்டும் பார்த்துப் பிரிப்பது எளிதல்ல. வீணாகிப்போன அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. மருந்துச் செடி என்று சொல்லி விற்பவர்கள் பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் விற்க வேண்டும்.

சரியான கிழங்கு கிடைத்தது நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது. வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் புதராக நின்றது. அந்த வீட்டுப் பாட்டி கடப்பாரையால் நெம்பி, முளைக்கணு உள்ள நான்கு துண்டுகளை ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "உச்சி வெயில் காட்டாதே, காலடியில் தண்ணீர் நிற்க விடாதே" என்றார். இரண்டையும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு துண்டுகளை மொட்டைமாடித் தொட்டியில் வைத்தேன். இலை விளிம்பு கருகிச் சுருண்டு, இரண்டடிக்கு மேல் வளரவே இல்லை. மற்ற இரண்டு கிணற்றடியில், மாமரத்துக்குக் கிழக்கே. காலை வெயில் மட்டும் படும் இடம். அவை நான்கே மாதத்தில் இடுப்பளவுக்கு வந்தன. பிறகு ஐப்பசி அடைமழை வந்தது. எங்கள் மண் களிமண். மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. இலை மஞ்சளித்த ஒரு தண்டைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு வெந்த சேப்பங்கிழங்குபோல் விரலுக்கிடையில் நசுங்கியது. நாற்றம் தாங்கவில்லை. மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றுக்காக ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினேன். கொல்லை மண், மணல், மக்கிய சாண எரு மூன்றும் சமபங்கு. மேலே மாவிலைச் சருகால் மூடாக்கு. இன்று கொல்லையில் இருக்கும் தூர் முழுவதும் அந்த ஒற்றைத் துண்டின் பிள்ளைகள்தான். உயரம் ஆறடி. இஞ்சியும் மஞ்சளும் பருவம் முடிந்ததும் இலை காய்ந்து படுத்துவிடும். இது ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கிறது. பழைய தண்டு ஓய்ந்தால் பக்கத்தில் புதுக்குருத்து கிளம்பிவிடுகிறது.

ஆசை தாங்காமல் முதல் ஆண்டிலேயே ஒரு பக்கம் தோண்டினேன். வெளிறிய கிழங்கு, நீர்த்த வாசனை, காரமே இல்லை. மூன்று ஆண்டு நிறைந்த பிறகு தோண்டியது வேறு கிழங்கு. செம்பழுப்புத் தோல், அதில் வளையம் வளையமாகத் தழும்பு, வெட்டும்போது கத்தி திணறியது. அடுக்களை முழுவதும் வாசனை. மாமியார் ஒரு துண்டை முகர்ந்துவிட்டு, "இதுதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் மூன்று ஆண்டு காத்திருப்பேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, நீங்கள் வளர்ப்பது பேரரத்தை. எங்கள் தோட்டத்தில் இருப்பது சிற்றரத்தை. பேச்சில் அதுதான் சித்தரத்தை ஆகிவிட்டது. அது நான்கைந்து அடிதான் வளரும், இலை ஒடுக்கமானது. வெள்ளைப் பூவின் மஞ்சள் இதழில் சிவப்புக் கோடுகள் ஓடும். கடைகளில் இரண்டுமே சித்தரத்தை என்ற பெயரில் கிடைக்கின்றன.

அப்பா தென்னைக்கு ஊடுபயிராக, இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் நடுவார். மூன்று, மூன்றரை ஆண்டு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தோண்டிய கையோடு, ஈரம் இருக்கும்போதே வில்லையாக நறுக்கிக் காயவையுங்கள். ஒருமுறை நான் முழுக்கிழங்காகக் காயவைத்தேன். மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது. இரும்பு உரலில் போட்டு இடித்தபோது துண்டு தெறித்து அம்மாவின் நெற்றியில் பட்டது.

ஈப்போவிலிருந்து:

இங்கே மலேசியாவில் பேரரத்தைக்குப் பெயர் லெங்குவாஸ். மலாய்க்காரர் வீடுகளின் பின்புறத்தில் செரை என்னும் எலுமிச்சம்புல் ஒரு பக்கம், லெங்குவாஸ் ஒரு பக்கம் நிற்கும். ரெண்டாங் என்னும் இறைச்சிக் கறி வைக்க லெங்குவாஸ் இல்லாமல் முடியாது. என் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். அண்டை வீட்டு மலாய் அம்மா ஒருநாள் கிழங்கைத் தட்டிக் குழம்பில் போடுவதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கையில் வாங்கி முகர்ந்தாராம். "இது நம்ம அரத்தை அல்லவா, இதையா குழம்பில் போடுகிறார்கள்?" என்று எல்லாரிடமும் சொன்னாராம். கடைசிவரை அவர் அதைக் கஷாயத்துக்குத்தான் பயன்படுத்தினார். என் அம்மா சமையலுக்கும் சேர்த்துக்கொண்டார்.

மயிலாடுதுறை அக்கா முதல் ஆண்டில் தோண்டியது வீணல்ல. சமையலுக்கு நாங்கள் இளங்கிழங்கைத்தான் தேடுவோம். நார் குறைவு, அரைக்க எளிது. மருந்துக்குத்தான் முற்றல்.

திருவாரூரிலிருந்து:

நான் கிராம சுகாதாரச் செவிலியர். என் வீட்டிலும் அரத்தை இருக்கிறது, என் பிள்ளைகளுக்கும் பனங்கற்கண்டு சேர்த்துக் கஷாயம் வைக்கிறேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கஷாயத்திலேயே மாதக்கணக்கில் நாளைக் கடத்திவிட்டு வரும் முதியவர்களைப் பார்க்கிறேன். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை இலவசம்.

மீண்டும் மயிலாடுதுறையிலிருந்து:

செவிலியர் அம்மா, மாமியாருக்குச் சென்ற தையில் பரிசோதனை செய்தாயிற்று. நோய் எதுவும் இல்லை. பனிக்காலத்து இருமல்தான் என்றார்கள். நீங்கள் எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

மார்த்தாண்டம் தம்பி, வில்லையாக நறுக்கும் யோசனையை இந்த முறை செய்து பார்த்தேன். நிழலில் உலர்த்திய வில்லைகள் சுலபமாகப் பொடியாயின. தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலியோடு இந்த ஆண்டு எங்கள் கொல்லை அரத்தை சேர்கிறது. ஈப்போ நண்பர் சொன்னதைக் கேட்டபின் ஒரு ஓரத்தை இளசாகவே எடுத்து ரசத்தில் தட்டிப் போட்டேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

ஆனி மாதத்தில் தூரைப் பிரிக்கப்போகிறேன். அப்போது நட்டால்தான் ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கும். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக, கணுவுள்ள துண்டுகளை ஈரச் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் வைத்திருப்பேன்.