தாதியம், ஆய்வுகூடம், மருந்தாளர், இயன்மருத்துவம், சித்த மருத்துவம்: எதை முன்னுக்குப் போடுறது?

கேள்வி: மல்லாவி_உயிரியல்
உயர்தரம் உயிரியல் பிரிவு, முல்லைத்தீவு மாவட்டம். மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்தின புள்ளி) காணாது போல. தலைப்பில இருக்கிற ஐந்தையும் விண்ணப்பத்தில எந்த ஒழுங்கில போடலாம்? வீட்டில "வெட்டுப்புள்ளி (துறைக்கு எடுபட்ட ஆகக் குறைஞ்ச இசட் புள்ளி) கூடினதை மேல போடு" எண்டு சொல்லினம். சரியோ?

பதில் 1: கிளிநொச்சி_ஆசிரியர்
பிழை தங்கச்சி. உங்கட ஒழுங்கை மேலிருந்து பார்த்து, புள்ளி காணுற முதல் துறையைத் தருவினம். அதுக்குக் கீழ என்ன இருந்தாலும் கணக்கில இல்லை. ஆகவே படிக்க விருப்பமான ஒழுங்கிலயே போடுங்கோ. மருத்துவம் விருப்பமெண்டால் அதையும் முதலாவதாப் போடலாம், கிடைக்காட்டிலும் மற்றதுகளுக்குப் பாதிப்பில்லை.

வெட்டுப்புள்ளி பார்க்கேக்க முல்லைத்தீவு நிரலைப் பாருங்கோ, யாழ்ப்பாண நிரலை இல்லை. அனுமதியில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின்ர நாலு மாவட்டமும் அந்த 5 வீதத்துக்குள்ள வருது. பழைய வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், அதை உறுதியெண்டு நினைக்காதேங்கோ.

பதில் 2: ஆய்வுகூடம்_வவுனியா
பெயரை விட்டிட்டு வேலையைப் பாருங்கோ. ஆய்வுகூடத்தில நோயாளியோட கதை குறைவு, கவனம் கூட. மெல்லிய ஊசியால இரத்தம் எடுத்து, ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள்ள அமத்தித் தள்ளினால் செங்கலங்கள் உடைஞ்சு பொட்டாசியம் வெளியில வரும். அறிக்கையில பொட்டாசியம் கூடக் காட்டும், மனிசனுக்கு ஒண்டும் இராது. செங்கலங்களைப் பிரிச்செடுத்த பிறகு மேல நிக்கிற திரவம் சிவந்திருக்கிறதைக் கண்டு மாதிரியைத் திருப்பி அனுப்பிற பொறுமை வேணும்.

தாதியத்தில கணக்கும் நேரமும். 500 மில்லிலீற்றர் சேலைன் 4 மணித்தியாலத்தில ஏறவேணும், மில்லிலீற்றருக்கு 20 துளி விழுற குழாய் எண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. இதை இரவு வேலையில, ஒரே நேரத்தில பல கட்டிலுக்குப் பார்க்கவேணும்.

இந்த இரண்டும் மருந்தாளர் பட்டமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில 4 வருடம். சித்த மருத்துவம் 5 வருடம், பிறகு 1 வருட உள்ளகப் பயிற்சி. அரச நியமனம் வெற்றிடத்தைப் பொறுத்தது.

பதில் 3: நடை_மீட்பு
இயன்மருத்துவத்துக்கு (பயிற்சியால உடல் அசைவை மீட்கிற பிசியோதெரபி) கொழும்பு, பேராதனைப் பக்கம் போகவேணும். விடுதி, சாப்பாட்டுச் செலவை வீட்டில இப்பவே கதையுங்கோ. ஆனா கால் இழந்தவை இவ்வளவு பேர் வாழுற வன்னியில இது மிக அவசியமான தொழில். வெட்டின காலின் நுனியில இறுக்கமாத் தொடங்கி மேலே போகப் போகத் தளர்த்தி, எட்டு வடிவில கட்டுப்போடவேணும். வட்டமாச் சுத்தினால் நுனி வீங்கி, செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள்ள இறங்காது. செயற்கை அவயவம் செய்யிறதிலயே ஆர்வமெண்டால் ராகமவில அதுக்குத் தனிப் பயிற்சிக் கல்லூரி இருக்கு.

மல்லாவி_உயிரியல்
நன்றி. பட்டம் கிடைக்காட்டித் தாதியத்துக்கு வேற வழி இருக்கோ?

பதில் 1: கிளிநொச்சி_ஆசிரியர்
இருக்கு. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில 3 வருடம், படிக்கேக்க கொடுப்பனவும் உண்டு. வர்த்தமானியில அழைப்பு வரும். முடிவுத் திகதி தவறினால் அடுத்த அழைப்பு மட்டும் காத்திருக்கவேணும். பெறுபேற்றுத்தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகளை இப்பவே எடுத்து வையுங்கோ.