படைப்புழு க்யூபிசிஆர்: 42 டிகிரியில் ஆக்டின் நகர்கிறது, எந்த ரெஃபரன்ஸ் ஜீன் வைக்கலாம்?

தும்பி:
மக்காச்சோளப் படைப்புழு, நான்காம் நிலைப் புழுக்கள். 26 டிகிரி ஒரு குழு, 42 டிகிரியில் 2 மணி நேரம் இன்னொரு குழு. ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் க்யூபிசிஆரில் ஹெச்எஸ்பி70 (வெப்ப அதிர்ச்சிப் புரத ஜீன்) அளக்கிறோம், ரெஃபரன்ஸ் (மாறாது என்று நம்பி ஒப்பிடும் ஜீன்) ஆக்டின் மட்டும். எல்லாவற்றுக்கும் 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏ போட்டுத்தான் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்தோம். ஆனாலும் சூடு பட்ட புழுவில் ஆக்டின் சிடி (சமிக்ஞை தென்படும் சுழற்சி எண்; கூடினால் அளவு குறைவு) 2 கூடுகிறது. 18எஸ்ஸுக்கு (ரைபோசோம் ஆர்என்ஏ) மாறிவிடலாமா? ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் ஆர்ஐஎன் மதிப்பும் 5-க்குக் கீழேதான் வருகிறது.

சில்வண்டு:
2 சிடி என்றால் 4 மடங்கு. ஆக்டின் உண்மையிலேயே குறைந்திருந்தால் ஹெச்எஸ்பி70 உயர்வு 4 மடங்கு ஊதித் தெரியும்.

18எஸ் வேண்டாம். சிடி 10-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும், உங்க ஜீன் 25-ல் நிற்கும்; இடைவெளி ரொம்ப அதிகம். சிடிஎன்ஏ செய்ய, பாலி-ஏ வாலைப் பிடிக்கும் ஒலிகோ டிடி ப்ரைமர் போட்டிருந்தால் இன்னும் மோசம்: 18எஸ்ஸுக்கு பாலி-ஏ வால் கிடையாது.

ஆர்ஐஎன் பற்றி பயப்பட வேண்டாம். பெரும்பாலான பூச்சிகளில் 28எஸ் (பெரிய ரைபோசோம் ஆர்என்ஏ) நடுவில் ஓர் உடைப்பு உண்டு. சூடேற்றினால் இரண்டு துண்டாகி, 18எஸ் இருக்கும் இடத்திலேயே ஓடும். கருவி அதைச் சிதைவு என்று எடுத்துக்கொள்ளும். மாதிரியைச் சூடாக்காமல் ஓட்டிப் பாருங்க; 18எஸ்ஸுக்குக் கீழே இழுவல் (சிதைந்த துண்டுகளின் தடம்) இல்லாவிட்டால் சரி.

குளவிக்கூடு:
ஆக்டின் மேல் பழி போடும் முன் மற்ற ஜீன்களையும் பாருங்க. எல்லாமே 2 சிடி தள்ளினால் கோளாறு ஆர்என்ஏ அளவிலோ ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனிலோ (சிடிஎன்ஏ செய்யும் படி) இருக்கிறது. குடலோடு முழுப் புழுவை அரைத்தால் இலைச்சாறும் கூட வந்து பிசிஆரைத் தடுக்கும். சிடிஎன்ஏவை 5 மடங்கு நீர்த்துப் பாருங்க: சிடி சுமார் 2.3 ஏறணும், குறைவாக ஏறினால் தடை இருக்கிறது.

பிறகு 8 ஜீன் எடுங்க: ஆர்பிஎல்32, இஎஃப்1-ஆல்ஃபா, ஜிஏபிடிஹெச், டியூபுலின், எஸ்டிஹெச்ஏ என்று வெவ்வேறு வேலை செய்பவை. ரைபோசோம் புரத ஜீன்களாகவே நிரப்பினால் அவை சேர்ந்தே ஏறி இறங்கும். ஜீநார்ம் (எந்த ரெஃபரன்ஸ் ஜீன் நிலையானது என்று வரிசைப்படுத்தும் மென்பொருள்) அப்படிச் சேர்ந்தாடும் ஜோடியைத்தான் முதலிடத்தில் வைக்கும். ஒவ்வொரு ப்ரைமருக்கும் 5 மடங்கு நீர்ப்பில் 5 புள்ளி வையுங்க; அந்தக் கோட்டின் சரிவு (ப்ரைமரின் பெருக்கும் திறனைக் காட்டுவது) −3.1 முதல் −3.6 வரை இருக்கணும். தோலுரிக்கப் போகும் புழுவைச் சேர்க்காதீங்க.

தும்பி:
சிடியை அப்படியே ரெஃப்ஃபைண்டரில் (இதே வேலையைச் செய்யும் இணையக் கருவி) போட்டால் போதாதா?

குளவிக்கூடு:
அது எல்லா ப்ரைமருக்கும் திறன் 100% என்று வைத்துக்கொள்ளும். ஒன்று 92, இன்னொன்று 108 என்றால் வரிசையே மாறலாம். ஜீநார்முக்குத் திறன் திருத்திய அளவுகளைக் கொடுங்க. அது தரும் வி2/3 மதிப்பு (மூன்றாவது ஜீனைச் சேர்த்தால் எவ்வளவு மாறும் என்பது) 0.15-க்குக் கீழே வந்தால் இரண்டு ஜீன் போதும், பெருக்குச் சராசரி எடுங்க. நார்ம்ஃபைண்டர் என்ற இன்னொரு மென்பொருளில் 26, 42 டிகிரி குழுக்களைப் பிரித்துக் கொடுக்கணும். குழுவுக்குள் ஆடாமல் குழுவுக்குக் குழு நகரும் ஜீனை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

சில்வண்டு:
இன்னொன்றும் சொல்கிறேன்: அடுத்து பூச்சிக்கொல்லி சோதனைக்குப் போனால் இதே ஜோடியைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க வேண்டாம். அந்த மாதிரிகளிலும் திரும்ப ஓட்டணும்.